முதுகலை மாணவரும் பொழுதுபோக்கும்

மாந்தர் கற்பதற்கு எல்லையில்லை. ஆயினும் கற்றற்கென்றே ஒதுக்கப்பெற்ற காலம் மாணவப் பருவம் ஒன்றேயாம். அப்பருவத்தின் இறுதிப் படிகளுள் ஒன்றாக நிற்பது முதுகலை வகுப்பு. அதன்கண் ஈராண்டு பயிலவரும் மாணவருட் பலர், வந்து சேர்ந்த முதல் திங்களிலேயே தாம் அதுகாறும் விரும்பிச் செய்துவந்த ஏதேனும் ஒன்றைக் கைவிடுகின்றனர். வீணையை உறையிலிட்டு மூடுகிறார் ஒருவர். பந்தடிக்கும் மட்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிடுகிறார் மற்றொருவர். செய்யுள் எழுதிவந்த குறிப்பேட்டைப் பெட்டியின் அடியில் வைத்து மறக்கிறார் வேறொருவர். ‘பட்டம் பெற்றபின் பார்த்துக்கொள்வோம்’ என்பது இவர்கள் அனைவரும் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் சமாதானம். இச்சமாதானம் பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொருந்தாது என்பது என் துணிபு. இத்துணிபு நூல்களைக் கற்று மட்டும் எய்தியதன்று. ஓராண்டை இழந்து எய்தியது.

இளங்கலை மாணவனுடைய நாளை மணியோசை ஆளுகின்றது. மணி அடித்தால் வகுப்பு. மீண்டும் அடித்தால் விடுதலை. அவன் கற்க வேண்டிய பகுதி இன்னது என்பதை ஆசிரியர் வரையறுத்துக் கூறிவிடுவார். மாலையில் மைதானத்திற்குச் செல்பவனை யாரும் குறைகூறார். அவன் மனமும் குறைகூறாது. முதுகலை வகுப்பிலோ நிலைமை வேறு. வகுப்பு நேரம் குறைவு. ஆயின் படிப்பிற்குக் கரையில்லை. ஒரு நூலைத் திறந்தால் அது வேறு மூன்று நூல்களைச் சுட்டுகின்றது. கருத்தரங்கக் கட்டுரை, உள்மதிப்பீட்டுத் தேர்வு, இறுதிப் பருவத்தில் ஆய்வேடு, அவற்றிற்கு மேல் விரிவுரையாளர் பணிக்குரிய தேசியத் தகுதித் தேர்வு என ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. எந்த மணியும் ‘இன்றைக்கு இது போதும்’ என்று அடிப்பதில்லை. ஆதலால் நூல்நிலையத்தில் இருக்கும்போது மட்டுமன்றி, உண்ணும்போதும் உறங்கச் செல்லும்போதும், ‘யான் இப்போது படித்துக்கொண்டிருக்க வேண்டுமே’ என்னும் உறுத்தல் மாணவனைத் தொடர்கின்றது. அவ்வுறுத்தலுக்கு முதற் பலியாவது அவனுடைய பொழுதுபோக்கே.

யான் கணிதம் பயிலும் மாணவன். திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஒரு சிற்றூர் என் பிறப்பிடம். எங்கள் ஊர்க்குளத்திற்கு மழைக்காலத்தின்பின் பறவைகள் வரும். பள்ளிப் பருவந்தொட்டுச் சனிக்கிழமைதோறும் விடியற்காலையிற் குளக்கரையில் அமர்ந்து அவற்றைப் பார்ப்பதும், நாளும் பெயரும் தொகையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுவதும் என் வழக்கம். முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, கூழைக்கடா ஆகியவற்றை யான் அறிந்தது அக்கரையிலேதான். அவையெல்லாவற்றினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது வரித்தலை வாத்து. வெண்மையான தலையின் பின்புறத்தே இரண்டு கருங்கோடுகளை உடைய அப்பறவை, திபெத்து முதலிய நடு ஆசிய மேட்டுநிலங்களிற் குஞ்சு பொரித்து, இமயமலையைக் கடந்து, குளிர்காலத்தில் நம் குளங்களை வந்தடைவது. எங்கள் மாவட்டத்தில் 1994-ஆம் ஆண்டு பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற கூந்தன்குளத்திற்கும் அது வருகின்றது. அத்துணைத் தொலைவு பறந்துவந்த ஓர் உயிர் எங்கள் ஊர் நெல்வயலின் ஓரத்தில் மேய்வதைக் காணும்போதெல்லாம், யான் கற்கும் உலகமும் யான் வாழும் உலகமும் ஒன்றே என்னும் மகிழ்ச்சி எனக்கு உண்டாகும்.

முதுகலையிற் சேர்ந்தபோது என் குறிப்பேடு ஒன்பதாம் ஆண்டை எட்டியிருந்தது. விடுதியிலிருந்து ஊருக்குப் பேருந்தில் ஒன்றரை மணிநேரமே ஆகும். ஆயினும் முதல் மாதத்திலேயே அப்பயணத்தை நிறுத்தினேன். சனிக்கிழமைக் காலை முழுதும் படிப்பிற்கே என்று உறுதி செய்துகொண்டேன். பின் நிகழ்ந்தது யாது? அதிகாலையில் எழுவதற்குரிய காரணம் நீங்கவே, எழுவதும் நீங்கிற்று. எட்டு மணிக்குக் கண்விழித்து, கைப்பேசியைக் கையிலெடுத்து, பத்து மணிவரை அதனைப் பார்த்தவண்ணம் படுத்துக் கிடந்தேன். நூலைத் திறந்தால் மனம் செல்லவில்லை. மூடினால் மனம் அமைதியுறவில்லை. படிப்பிற்கென்று மிச்சம்பிடித்த நேரம் படிப்பிற்கும் பயன்படவில்லை, எனக்கும் பயன்படவில்லை. நவம்பர்த் திங்களில் நடந்த பரீட்சையில் மெய்யெண் பகுப்பாய்வு என்னும் பாடத்தில் தோற்றேன். அதுவரை கணிதத்தில் தோல்வியை அறியாதவன் யான்.

அத்தோல்விக்கு யான் கண்ட காரணம், என் உழைப்புப் போதாது என்பதே. ஆதலாற் பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோதுங்கூடக் குளத்தின் பக்கம் திரும்பாமல் புத்தகத்துடன் அறையில் அமர்ந்திருந்தேன். ஏப்ரல் இறுதியிற் பரீட்சைகள் முடிந்த மறுநாட் காலை குளக்கரைக்கு ஓடினேன். நீர் வற்றி, நடுவே ஒரு குட்டையாய்க் கிடந்தது. சில கொக்குகள் நின்றன. வாத்துக்கள் வடதிசை நோக்கிச் சென்று பல வாரங்கள் ஆகியிருந்தன. மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் முதியவர் என்னைக் கண்டு, “இவ்வருடம் நிறைய வந்தன, தம்பி; உன்னைத்தான் காணவில்லை” என்றார். என் குறிப்பேட்டில் அவ்வாண்டிற்குரிய பக்கங்கள் வெறுமையாகவே உள்ளன. அவற்றை இனி எவ்வாற்றானும் நிரப்ப இயலாது. ‘பின்னர்ப் பார்த்துக்கொள்வோம்’ என்னும் சொல்லின் பொருளை அன்றே உணர்ந்தேன். பறவைகள் நம் பருவப் பரீட்சை முடியுந்துணையும் காத்திரா. இருபத்திரண்டாம் வயதும் காத்திராது.

அம்முதியவரோடு பேசிக்கொண்டிருந்தபோது குளத்தின் கலிங்கு என் கண்ணிற் பட்டது. கொள்ளளவை மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடுதற்கென்று நம் முன்னோர் கட்டிவைத்த அமைப்பு அது. அதனை அடைத்துவிட்டால் ஒரு துளி நீரும் வெளியே போகாது என்று எண்ணுபவன் பேதை. பெருமழை பெய்த ஓரிரவிலே கரையும் உடையும், நீரும் போம், பயிரும் போம். முதுகலை மாணவனுக்குப் பொழுதுபோக்கு அத்தகைய கலிங்கு என்பதே யான் கூற விழைவது. அது படிப்பினின்று களவாடிய நேரமன்று. படிப்பின் கரையைக் காக்கும் நேரம். மணியோசை இல்லாத வாழ்வில், ‘இன்றைய படிப்பு இவ்வளவோடு நிற்க’ என்று சொல்லும் ஆற்றல், நாம் விரும்பிச் செய்யும் வேறொரு செயலுக்கே உண்டு. வெறும் ஓய்வுக்கு அவ்வாற்றல் இல்லை. சும்மா இருப்பவனை உறுத்தல் எளிதிற் சென்று பற்றும். கை ஒரு வேலையிலும் கண் ஒரு பொருளிலும் ஈடுபட்டிருக்கும்போதுதான் அது விலகி நிற்கும்.

அறிஞர் சார்லஸ் டார்வினுடைய வாழ்வு இதற்கு இருபுறத்தும் சான்றாக நிற்கின்றது. 1828-இல் கேம்பிரிட்ஜிற் சேர்ந்த அவர், சமய குருவாகும்பொருட்டுத் தந்தையால் அனுப்பப்பெற்றவர். ஆயினும் அங்கே அவர் பெரிதும் விரும்பிச் செய்தது வண்டுகளைச் சேகரித்தலே. ஒருநாள் கைக்கொன்றாக இரண்டு வண்டுகளைப் பிடித்திருந்தபோது மூன்றாவதாகப் புதிய வண்டு ஒன்றைக் கண்டு, கையிலிருந்த ஒன்றை வாயிலிட்டுக்கொள்ள, அது எரிநீரைப் பீய்ச்சி நாவைச் சுட, அதனை உமிழ்ந்தார் என்பது அவரே எழுதிவைத்த செய்தி. பரீட்சைக்குச் சிறிதும் உதவாத இத்தகைய இயற்கை ஈடுபாடே, 1831-இல் ‘பீகிள்’ என்னும் கப்பலில் அவர் உலகைச் சுற்றிவர வழிகோலிற்று. அதே டார்வின் முதுமையில் தம் வரலாற்றை எழுதியபோது வேறொன்றையும் வருத்தத்தோடு குறித்துள்ளார். முப்பது வயதுவரை தமக்குக் கவிதை பேரின்பம் தந்ததென்றும், ஆண்டுகள் பல சென்றபின் ஒரு வரியையேனும் பொறுத்துப் படிக்க இயலாமற் போயிற்றென்றும், மீண்டும் ஒருமுறை வாழ நேரின் வாரத்துக்கு ஒருமுறையேனும் கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் விதியாகக் கொள்வதாகவும் அவர் எழுதினார். உலகத்தாரின் எண்ணத்தையே மாற்றிய ஒருவர், வாரத்திற் சிறுபொழுதைக் காவாதுவிட்டமைக்கு இரங்குகின்றார். அவருக்கே அது பேரிழப்பாயின், மதிப்பெண்ணுக்காக அதனை விடுகின்ற நாம் எதனை ஈடாகப் பெறுகின்றோம்?

நம் நாட்டிலும் சான்றுகள் உள. சென்னை மாநிலக் கல்லூரியில் 1907-இல் எம்.ஏ. பட்டம் பெற்ற சர் சி. வி. இராமன், அரசாங்க நிதித்துறையில் அலுவலராகிப் பெரும்பாலும் கல்கத்தாவிலேயே பணியாற்றினார். அலுவலகம் செல்லுமுன்னும் அங்கிருந்து மீண்டபின்னும் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் சோதனைச்சாலையில் அவர் செய்த ஆராய்ச்சி, பிறர் ஏவாத விருப்பப் பணியேயாம். இசைக்கருவிகளின் ஒலியையும் அவர் ஆராய்ந்தார். பத்தாண்டுகள் அவ்வாறு காத்த விருப்பம் 1917-இல் அவரைப் பேராசிரியர் பதவியில் அமர்த்திற்று; 1930-இல் நோபெல் பரிசு பெறும் நெறியிலும் செலுத்திற்று. தஞ்சையிற் சித்த மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்டிருந்த ஆபிரகாம் பண்டிதர், இசையின்மீது கொண்ட காதலால் இசைவாணர் மாநாடுகளைக் கூட்டினார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலையும் வெளியிட்டார். மருந்து அவருக்குத் தொழில். இசை அவருக்கு விருப்பம். தமிழுலகம் இன்று அவரைப் பெரிதும் நினைப்பது இரண்டாவதன் பொருட்டே. விருப்பப்பணி செய்வோர் அனைவரும் இராமனும் பண்டிதரும் ஆவர் என்று யான் கூறவில்லை. என் வாத்துக்கள் எனக்கு எப்பரிசையும் கொண்டுவாரா. விருப்பம் வளர்ந்து பெரும்பயன் தருவது சிலர்க்கே. அது உள்ளத்தை உயிர்ப்புடன் வைத்திருத்தல் எல்லார்க்கும் பொது.

இதற்கு இரண்டு தடைகள் எழுப்பப்பெறும். முதலாவது, விருப்பம் மிகுந்து படிப்பையே விழுங்கிவிடாதோ என்பது. விழுங்கும், அதில் ஐயமில்லை. கணிதமேதை இராமானுஜன் 1904-இற் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்து, கணிதமொன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களை நெகிழவிட்டமையால் அச்சம்பளத்தை இழந்தார். அவரை இழுத்துச் சென்றது மேதைமை; ஆயினும் இழப்பு இழப்பே. அவரை 1914-இற் கேம்பிரிட்ஜிற்கு வருவித்த பேராசிரியர் ஹார்டியோ, காலையில் ஏறத்தாழ நான்கு மணிநேரம் கணிதத்தில் ஆழ்ந்து, பிற்பகலைக் கிரிக்கெட் ஆட்டத்திற்குக் கொடுத்து மகிழ்ந்தவர். இராமானுஜனைப்போற் சிந்திக்க நம்மால் இயலாது. ஹார்டியைப்போல் நாளைப் பங்கிட்டுக்கொள்ள இயலும். அளவு குறித்த அச்சம், அளவு வகுத்துக்கொள்ளுதற்குக் காரணமாமேயன்றி, அறவே விடுதற்குக் காரணமாகாது.

இரண்டாவது தடை இதனினும் வலியது. என்னோடு ஒரே அறையில் வாழும் நண்பர் பொருளாதாரம் பயில்பவர். அவருடைய தந்தையார் இறந்துவிட்டார். தாயார் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காக்கின்றார். யான் பறவைகளைப்பற்றி ஒருநாள் மிகுதியாகப் பேசியபோது அவர், “அண்ணே, என் அம்மா சுற்றும் ஒவ்வொரு பீடியும் என் கட்டணத்தில் ஒரு பகுதி. நான் எப்படி ஒரு மணிநேரம் விளையாடுவேன்?” என்று கேட்டார். அவ்வினாவிற்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. அந்நண்பர் கல்லூரிக்கு வருமுன் தம் மாமாவின் வில்லுப்பாட்டுக் குழுவிற் பின்பாட்டுப் பாடியவர். முதுகலையிற் சேர்ந்ததும் அதனை நிறுத்தினார். விடுமுறையில் ஊருக்குச் சென்ற அவரைக் கோயிற் கொடைக்குப் பாட அழைத்தபோது, படிப்பைக் காரணங்காட்டி மறுத்தார். அதைக் கேட்ட தாயார், “உன்னை ஊமையாக்கவா படிக்க அனுப்பினேன்?” என்று கேட்டாராம். அவ்வினாவிற்கு அவரால் விடை கூற இயலவில்லை. அன்றிரவு அவர் பாடினார். பெற்றோர் தம் உழைப்பை நமக்குத் தருவது நாம் ஒரு மதிப்பெண் பட்டியலாய்த் திரும்பி வருதற்கன்று. நிறைந்த மனிதராய்த் திரும்பி வருதற்கே என்பதை அத்தாயார் எங்கள் இருவர்க்கும் உணர்த்தினார். எனினும் வகுப்பு முடிந்தபின் கடையிலும் உணவகத்திலும் இரவு பத்து மணிவரை உழைத்துப் பயிலும் மாணவரும் நம்மிடையே உளர். அவர்க்கு உபதேசம் செய்ய எனக்கு உரிமையில்லை. அவர்க்கு வேண்டுவது உதவியே.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். பொழுதுபோக்கு வேறு, பொழுதழிப்பு வேறு. கைப்பேசித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் படங்களை இரண்டு மணிநேரம் பார்த்தெழுந்தவன் களைப்புடன் எழுகின்றான். தான் பார்த்தவற்றுள் மூன்றைச் சொல்லென்றால் விழிக்கின்றான். ஒரு மணிநேரம் பந்தாடியவனோ, படம் வரைந்தவனோ, செடிக்கு நீரூற்றியவனோ அவ்வாறு எழுவதில்லை. முன்னது நம்மைச் செலவிடுகின்றது. பின்னது நம்மை மீட்டுத் தருகின்றது.

மற்றொரு கேடும் இக்காலத்தே வளர்ந்துவருகின்றது. பாடுவதும் வரைவதும் ஓடுவதும் சான்றிதழுக்காகவும், வேலை வேண்டி எழுதும் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்ப்பதற்காகவும் செய்யப்படுகின்றன. இணையத்தில் எத்துணைப் பேர் பாராட்டினர் என்று எண்ணிப் பார்க்கப்படுகின்றன. அவ்வாறு செய்யுங்கால் விருப்பமும் ஒரு பாடமாகிவிடுகின்றது; கலிங்கு வழியே மீண்டும் குளத்திற்குள் நீரைப் பாய்ச்சியது போலாகின்றது. யாரும் மதிப்பெண் இடாத செயல் ஒன்றேனும் ஒருவன் வாழ்வில் இருத்தல் வேண்டும். அதில் அவன் தோற்றாலும் தோல்வியில்லை, வென்றாலும் விளம்பரமில்லை.

ஆசிரியப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோளைப் பணிவோடு வைக்கின்றேன். சிறப்பு வகுப்பும் உள்தேர்வும் மாணவர் நன்மைக்கே என்பதை அறிவோம். ஆயினும் வாரத்தில் ஒரு மாலையேனும் அவையின்றி விடப்படல் வேண்டும். அம்மாலையில் மைதானமும் இசையறையும் முதுகலை மாணவர்க்கும் மாணவியர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். உழைத்துப் பயிலும் மாணவர்க்கும் அம்மாலை பயன்படுமாறு உபகாரச் சம்பளம் பெருகல் வேண்டும். மைதானம் இளங்கலையார்க்கும் நூல்நிலையம் முதுகலையார்க்கும் என்று எழுதாச் சட்டம் ஒன்று நம்மிடையே நிலவுவதாகத் தோன்றுகின்றது. அச்சட்டத்தை இயற்றியவர் யாருமிலர். ஆதலின் நீக்குவதும் எளிதே.

இவ்விரண்டாம் ஆண்டில் யான் மேற்கொண்ட ஒழுங்கு எளியது. வெள்ளி மாலை ஊருக்குச் செல்வது. சனிக்கிழமை விடியலிலிருந்து எட்டு மணிவரை குளக்கரை. பின் இரவுவரை படிப்பு. பரீட்சைக் காலத்தில் இது மாதம் இருமுறையாகச் சுருங்கும். ஒருபோதும் அறவே நில்லாது. இதனால் யான் வகுப்பில் முதன்மை பெற்றேன் என்று கூறின் பொய்யாகும். தோற்ற பாடத்திற் சென்ற நவம்பரில் தேர்ச்சி பெற்றேன்; விடியலில் எழுகின்றேன்; நூலை மூடினால் உறங்க இயலுகின்றது. இவையே யான் அடைந்த பயன். 2015 முதல் ஆண்டுதோறும் தமிழ்நாட்டில் நடைபெறும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் இவ்வாண்டு யானும் சேர்ந்து, எங்கள் குளத்தில் 47 வரித்தலை வாத்துக்களைக் கண்டு எழுதி அனுப்பினேன். மேற்குளத்துக் கலிங்கில் வழியும் நீர் வீணாவதில்லை. கீழ்க்குளத்தைச் சென்று நிரப்புகின்றது. என் சிறு குறிப்பும் எவரேனும் ஓர் ஆராய்ச்சியாளர்க்கு அவ்வாறு சென்று சேரலாம்.

நண்பர்காள்! வரும் ஆனித் திங்களில் முதுகலை வகுப்பிற்குப் புதியராய் வருவோர் பலர் நும்முள் இருப்பர். நும் பெட்டியில் நூல்களை அடுக்கும்போது, வீணையோ பந்தோ வண்ணக்கோலோ எது நும்முடையதோ, அதனையும் உடன் எடுத்துவருக. அதற்கு வாரத்தில் ஒரு நாளையும் நாளில் ஒரு வேளையையும் முதல் வாரத்திலேயே வரையறுத்து விடுக. இரண்டாம் வாரத்திற் படிப்பு வந்து அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளும். பட்டம் ஈராண்டிற் கிடைக்கும். பட்டம் பெறும் நாளில் அதனைப் பெற்று மகிழ்தற்குரிய உள்ளமும் நும்மிடம் இருத்தல் வேண்டுமன்றோ?